பால் காய்ச்சிய அன்று திறந்த கதவு

பின்னறைக் கதவில் சந்திரிகா ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'திறக்க வேண்டாம். உள்ளே பூனைகள்.' அண்ணி வடிவம்மாளுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

இருபத்தாறு வருடம் முதியோர் இல்லத்தில் அடுத்தவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவள் சந்திரிகா. ஓய்வுக்குப் பிறகு டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, பாயான் லெப்பாஸில் நாலாவது மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். கூட வந்தவை மஞ்சி, தவுக்கே என்று இரண்டு பூனைகள். தவுக்கேவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஊசி போட்டாக வேண்டும். புது வீடு பழகும்வரை பூனைகளை ஓர் அறையில்தான் வைக்க வேண்டும் என்று அண்ணியிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. தனியாக இருப்பவள் விழுந்து கிடந்தால் திறக்க ஆள் வேண்டுமே என்று, மாற்றுச் சாவியை அண்ணன் லோகேஸ்வரனிடம் கொடுத்திருந்தாள்.

பால் காய்ச்சும் காலையில் அண்ணி வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் போயி ஒரு ரூம சாத்தி வச்சிருக்கியே, லெட்சுமி எப்படி வருவா?"

"முன்வாசல் வழியா வருவா, அண்ணி. அது திறந்துதான் கெடக்கு."

"பூனைக்குத் தனி ரூம்! புருசன் புள்ள இல்லாதவளுக்கு வேற என்ன இருக்கு."

"நாளைக்கு நீங்க படுத்துட்டா கழுவிவிட நான்தான் வரணும். பார்த்துப் பேசுங்க."

பால் பொங்கியது. சந்திரிகா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது தாள் தரையில் கிடந்தது. பின்னறைக் கதவு விரியத் திறந்திருந்தது. மஞ்சி அலமாரிக்கு அடியில் இருந்தது. தவுக்கேவைக் காணோம்.

"பூனைதானே லா, வந்துரும்" என்றார் அண்ணன்.

"கிராமாட்டுக்கே பஸ் ஏறிருக்கும்" என்று அண்ணி சிரித்தாள்.

சந்திரிகா வெளியே ஓடினாள். மிரண்ட பூனை தூரம் போகாது, பக்கத்திலேயே பதுங்கும். பகல் முழுக்க மாடி மாடியாகக் குனிந்து, செருப்பு அலமாரிகளையும் பூந்தொட்டிகளையும் விலக்கித் தேடினாள். முட்டி வலித்தது. ஊசி நேரம் நெருங்கியது.

மாலை ஆறரைக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"யாரு பூனை இது? என் புதுச் செருப்புல மூத்திரம் பேஞ்சு வச்சிருக்கு!"

நூர் பீவி. கத்துவதற்கு முன்பே, பூனை ஓடிவிடாதபடி தன் வீட்டு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தாள். தவுக்கே உள்ளே, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது.

வெறும் வயிற்றில் ஊசி போடக் கூடாது. சந்திரிகா அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, முதலில் மீனைப் பிசைந்து வைத்தாள். தின்று முடித்த பிறகு ஊசி. மணி ஏழு பத்து.

"அதான் கெடச்சிருச்சே, மூஞ்ச ஏன் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அண்ணி.

சந்திரிகா அண்ணனிடம் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்கண்ணே."

"நீ விழுந்து கெடந்தா?"

"அது என் கவலை."

அவர்கள் படியிறங்கிப் போனதும் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். செருப்போடு சாவியையும் நூர் பீவி கையில் வைத்தாள்.

"என்னக்கா இது? என்னைய உங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"கதவச் சாத்தத் தெரியுதுல்ல உனக்கு. போதும்."