விதைக்குதிரில் ஈரப் பூச்சு

பூச்சக்கா குதிரின் அடிவாயைச் சாணமும் சாம்பலும் குழைத்த மண்ணால் மெழுகிக்கொண்டிருந்தாள். ஆளுயர மண் குதிர். மேலே நெல்லைக் கொட்டி மூடுவார்கள். வேண்டும்போது அடியிலுள்ள துளை வழியாக எடுப்பார்கள். விதைநெல் என்றால் விதைக்கும் நாள் வரை இரண்டு வாயையும் திறக்கக் கூடாது. அடைமழையில் பழைய பூச்சு விரிசல் விட்டிருந்தது. அதற்குள் ஈரக்காற்று புகுந்தால் உள்ளே மிஞ்சுவது வண்டும் உமியும்தான்.

தெருவில் யார் வீட்டுக் குதிரானாலும் பூசுவது அவள்தான்; பெயரும் அப்படி வந்தது. கை அவ்வளவு சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. காயாத நெல்லைக் கொட்டப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரனை முறத்தாலேயே சாத்தியிருக்கிறாள்.

"கடிச்சுப் பாருடா, டக்குன்னு ஒடையுதா? களிமண்ணாட்டம் நசுங்குது. புழுவை விதைச்சு அறுக்கப் போறியா?"

அடி வாங்கியவன் நெல்லைத் திரும்ப அள்ளிக் காயப்போட்டான்.

அண்மையில்தான் வீடு பாகமாகியிருந்தது. கணவனின் தம்பி நடுவில் சுவர் எழுப்பி அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் பக்கம் நின்ற விதைக்குதிர் மட்டும் பொது. மழை விட்டு விதைக்கும் நாளில் திறந்து பிரித்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் நம்பவில்லை.

இப்போது உள்ளே வந்தவன் ஈர மண்ணைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றான்.

"தெறந்து எடுத்துட்டு மூடறியா அண்ணி?"

"விரிசலை அடைக்கிறேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எடுக்காத குதிருல பூச்சு காஞ்சு கெடக்கும். என் காதுல பூ சுத்தாத."

"சொன்னா கேக்காத காதுக்குப் பூ ஒரு கேடா? போடா."

அவன் கடப்பாரையோடு திரும்பி வந்தான். குதிருக்கு முன்னால் மறைத்து நின்றவளை முடியைப் பிடித்து இழுத்து எறிந்தான். நெற்றி ஆட்டுக்கல்லில் மோதிப் பிளந்தது. முதல் குத்தில் மண் பெயர்ந்தது. அவள் எழுந்து உலக்கையை எடுத்தாள். அவன் மண்டையைக் குறிவைத்துத்தான் ஓங்கினாள்.

சமையலறையிலிருந்து சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்த கணவன் குறுக்கே விழுந்தான். உலக்கை அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. அதே நேரம் தம்பியின் அடுத்த குத்தில் குதிர் வெடித்தது.

நெல் முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது. மேல்வாய் வரை நிறைந்திருந்த குதிர். ஒரு பிடி குறையவில்லை. சரிந்த நெல் நிலைப்படியைத் தாண்டி மழைத் தண்ணீருக்குள் ஓடியது. தம்பியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது.

பூச்சக்கா கண்ணில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, நனையாத நெல்லை மட்டும் இரு கைகளாலும் பாய்க்குத் தள்ளினாள். ரத்தம் பட்ட நெல்லையும் ஒதுக்கினாள்.

"என்னைப் பாருடி, உயிர் போகுது," என்று கணவன் சுவரோரம் முனகினான்.

"இருங்க. தோளு ஒட்டிக்கும். இது நனைஞ்சா போச்சு."

தம்பி குந்தி நெல்லை அள்ளக் கை நீட்டினான். அவள் மறுபடி எடுத்த உலக்கை அவன் மணிக்கட்டில் விழுந்தது. அவன் கையை இழுக்கவில்லை. இன்னொரு அடியும் விழுந்தது.

"என் வயலுக்கும் இதுதான் விதை அண்ணி."

அவள் பாயை இழுத்தாள்.

தம்பி வீங்கிய கையை மார்போடு அணைத்து, மறு கையால் அண்ணனைத் தாங்கி எழுப்பினான். எலும்பு கட்டுபவரிடம் போயாக வேண்டும். நிலைப்படியில் நின்று திரும்பினான்.

"மிஞ்சினதுல எனக்குக் குடுப்பியா?"

அவள் தள்ளிய நெல் பாயில் சரசரத்தது. பிறகு அண்ணனை அணைத்தபடி மழைக்குள் இறங்கிப் போனான்.