வாழைமர நோட்டுக்கு வந்த விலை

தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று என் மாமனார் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதிலும் காசு விலை என்று வந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு இருபது கொடுத்தால் ஓரணா, மலாயா டாலரான வெள்ளி ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயும் ஓரணாவும் என்று பல் விளக்கும்போதே ஒப்பித்துக்கொண்டிருப்பார். மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும். அந்த வெள்ளி விலையும் சண்டைக்கு முன்னால் யாரோ இலுப்பூர்ச் சந்தையில் சொன்னது. நடுவில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து, ஆண்டு, தோற்றும் போய்விட்டான். மாமனாரின் வெள்ளி மட்டும் அதே ஒன்றரை ரூபாய் ஓரணாவில் அசையாமல் நின்றது.

என் அண்ணன் எட்டு வருஷம் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். கப்பல் நின்றுபோன வருஷங்களில் கடுதாசியும் இல்லை, ஆள் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும்? மாமன் வராமல் என் மகள் ஐந்து வயது வரை மூளிக் காதோடு திரிந்தாள். “ஒன் அண்ணன் வந்து என்னத்தக் கொட்டிறப் போறான்” என்று என் மாமியார் கேட்காத நாளில்லை.

சண்டை முடிந்தபின் ஒருவழியாக வந்து சேர்ந்தான். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் வெளுத்த கண்ணோடு நின்றான். ஆள் உயிரோடு வந்ததே போதும் என்று கட்டிக்கொண்டு அழுதேன்.

வைகாசியில் காதுகுத்து வைத்தோம். மகள் வீரிட்டு அழுது முடித்ததும் அண்ணன் எழுந்து போய் மொய்த் தட்டில் நோட்டுகளை வைத்தான். எல்லாம் பத்து வெள்ளி நோட்டு. ஒவ்வொன்றிலும் குலை தள்ளிய வாழைமரம். மாமனார் பாய்ந்து வந்து ஒன்றை எடுத்து ஊருக்கே தூக்கிக் காட்டினார்.

“பாருங்கப்பா! வாழமரம் போட்டு அடிச்சிருக்கான். விசேஷ வீட்டுக்குன்னே அடிச்ச நோட்டு!”

அண்ணன் தயங்கினான். “மாமா, இது ஜப்பான்காரன் அடிச்சதுங்க. வெள்ளைக்காரன் திரும்பி வந்து அங்க செல்லாதுன்னுட்டான். இங்கிட்டு மாத்தித் தருவாங்கன்னு கப்பல்ல பேசிக்கிட்டாங்க, அதான்...”

“நீ சும்மா இருப்பா. காசு வெலை எனக்கா தெரியாது? எரநூறு வெள்ளி. முந்நூத்திப் பன்னெண்டு ரூவா எட்டணா! எழுதுறவரே, நாலு பேருக்குக் கேக்குற மாதிரி வாசிங்க!”

ஐந்து ரூபாய் மொய் வைத்தவனையே வாசல்வரை வந்து வழியனுப்புகிற ஊர் அது. முந்நூறு என்றதும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். என் மாமியார், “ஒங்க அண்ணன் சாப்புட்டாங்களா, பாரு தாயி” என்றார். எட்டு வருஷத்தில் முதல் ‘ங்க’. அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் மாமனார் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, துணைக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, நோட்டை மாற்றப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பாங்கில் இருந்தவர் ஒரு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளைங்களுக்கு வெளையாடக் குடுங்க, பெரியவரே” என்றாராம். ஊருக்குள் இறங்கியதும் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், “பாங்குல போட்டாச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்த மாமனார், வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் குதித்தார்.

“ஒங்கண்ணன் என் தலையில மொளகா அரைச்சிட்டான்!”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “அவன் சொல்லத்தான் வந்தான். நீங்கதான் மாமா வாயத் தொறக்க விடலை” என்று கேட்டேவிட்டேன். அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாங்கிய மொய்க்கு மேல் ஒரு ரூபாயாவது சேர்த்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். குறைத்தால் தலை காட்ட முடியாது. அண்ணனோ கடன் வாங்கித்தான் பந்தலே போட வேண்டிய நிலையில் இருந்தான். அப்படியும் அவனே நேரில் வந்தான்.

“மாமா, நான் வச்சதையே திருப்பி வச்சிருங்க. கணக்கு நேராப் போயிரும். எனக்கு ஒண்ணும் கொறையில்லை.”

காட்டிலும் மழையிலும் எட்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்த கூலியை, விளையாட்டுக் காகிதம் என்று அவனே ஒத்துக்கொண்டு நின்றான். மாமியார், “நல்ல யோசனைதானே” என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நியாயம் பேச அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

மாமனார்தான் சீறினார். “அடப் போய்யா! பாங்குல போட்ட நோட்டு எப்புடித் திரும்பி வந்துச்சுன்னு நாலு பேரு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? காசு வெலை தெரியாதவன்னு என்னையச் சொல்லுவானா இல்லையா?”

மறுவாரமே உழவு மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று மொய் எழுதுமிடத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்று, முந்நூற்றுப் பதினாலு ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். எழுதியவரை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ஜப்பான்காரன் அடித்து விட்டுவிட்டு ஓடிய பணம், வெள்ளைக்காரன் செல்லாது என்று தள்ளிய பணம். அதற்கு இந்த உலகத்தில் முழு விலை கொடுத்தது என் மாமனாரின் வறட்டு வீம்பு ஒன்றுதான்.

மணவறையில் இருந்த அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் நேரே போய் மாமனார் காலில் விழுந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். மனசார விழுந்தது அன்றைக்குத்தான்.

“எந்திரி, எந்திரி” என்றார். “காசு வெலைன்னா இனிமேலாச்சும் என்னையக் கேளுங்க.”