மூன்று பொட்டலம்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ புந்தோங்கில் எங்கள் டாக்டரைக் கைராசிக்காரர் என்பார்கள். அவருடைய கிளினிக்கில் பத்து வருஷம் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கைராசி என் பக்கத்தில் மூன்று பெரிய போத்தல்களில் இருந்தது. ஒன்றில் மஞ்சள் மாத்திரை, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் ரோஸ். இருமினால் கூடவே சிவப்புத் தண்ணீர்.

நோயாளி உள்ளே போய், "டாக்டர், எனக்கு..." என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் மூன்று பொட்டலமும் கட்டிவிடுவேன். சீட்டு அப்புறம் வரும். ஒரு தடவைகூடப் பிரிக்க வேண்டி வந்ததில்லை. இடுப்பு வலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான், மாமியாரோடு சண்டை போட்டு மயங்கி விழுந்தவளுக்கும் அதுதான். ஊசி மட்டும் ஆளைப் பொறுத்தது. கேட்டவர்களுக்கு உண்டு, கேட்காதவர்களுக்கும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாக்டர் லீவில் போனபோது மாற்றாக வந்த இளம் டாக்டர், சளி பிடித்த ஒருவரிடம் நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கச் சொல்லி, மருந்து எழுதாமல் அனுப்பிவிட்டார். அந்த ஆள் நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"என்னா மிஸி, தண்ணி குடிக்கவா பஸ் ஏறி வந்தேன்? அது எங்க வீட்டு பைப்புலயே வருதுலா!"

நானே மூன்று பொட்டலத்தைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினேன். நர்ஸை மிஸி என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. வெள்ளைக் கவுன் போட்டால் போதாதா?

என் அக்கா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்துவிட்டது, எந்நேரமும் தாகம், காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவளுக்குக் காலை விட்டால் பிழைப்பு ஏது? மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸர், உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். அவளோ பஸ் மாறி என்னிடம் வந்தாள்.

"அவரு கெடக்காரு. நீ இருக்கையில நான் ஏன் கண்டவங்ககிட்ட போவணும்?"

எனக்குத் தலை கால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. டாக்டர் புண்ணை எட்டிப் பார்த்து ஓர் ஊசி போட்டார். நான் என் பங்குக்கு ரோஸ் மாத்திரையில் பத்து கூடவே போட்டேன். கூடப்பிறந்தவள் ஆயிற்றே. இப்படியே ஆறு மாதம் ஓடியது.

ஏழாவது மாதம் கால்விரல்கள் கறுத்து நாற்றம் எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சோதித்துப் பார்த்த டாக்டர் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி என்றார், முற்றிவிட்டது என்றார், முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். பிறகு, இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார்.

அக்காவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதும் விடவில்லை.

"என் தங்கச்சியக் கேளுங்க டாக்டர். கிளினிக்கு மிஸி. அவளுக்கு எல்லா மருந்தும் அத்துப்படி."

அவர் பேனாவைத் திறந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். அந்தப் போத்தல்களில் என்ன எழுதியிருந்தது என்று பத்து வருஷத்தில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொல்லுடி, பயப்படாத," என்றாள்.