‘நில்லுங்கப்பா’ என்றொரு ஸ்லோவாக் சொல்

நியூஜெர்சியின் ஐசலினில் தமிழ் காதில் விழ அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. கடையில் வெண்டைக்காயின் நுனியை உடைத்துப் பார்க்கிற கையைப் பார்த்தாலே நம் ஆள் என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்ட ஊர் ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு ஆன்ட்டி, "ஏம்மா, அங்க இட்லி மாவாவது கிடைச்சுதா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை. அதற்காக ஊரைக் குறை சொல்ல முடியுமா?

கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்லோவாக்கியாவில் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைக்கு இரண்டு வருடம் என்னை அனுப்பினார்கள். பையனுக்கு ஹைஸ்கூல் என்பதால் கணவர் நியூஜெர்சியிலேயே தங்கினார். காலையில் ட்ரெயின் பிடித்து மன்ஹாட்டன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அப்பாவுக்கோ அப்போதுதான் மறதி ஆரம்பித்திருந்தது. பகல் முழுக்க அவரை வீட்டில் தனியாக விட முடியாது. "இங்க இருந்து மட்டும் நான் என்ன கிழிக்கப் போறேன், உன் கூடவே வரேன்" என்றார். அங்கே அவரைச் சமாளிக்க முடியவில்லையென்றால் நான் வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது என்று கணவரும் நானும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.

சின்ன டவுன். நடுவில் சதுக்கம், அதில் தேவாலயம், முனிசிபல் அலுவலகம், ஒரு ரொட்டிக் கடை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும், முன்பின் தெரியாத எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. விருந்தாளிகளுக்கென்று உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததுமே அப்பா ஊருக்குப் பாஸ் மார்க் போட்டுவிட்டார். தீயணைப்பு வீரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஊரையே கூட்டி நடன விருந்து வைப்பார்கள். பாட்டுக்கு ஒரு சங்கம், தோட்டத்துக்கு ஒரு சங்கம், தேனீ வளர்க்க ஒரு சங்கம். நியூஜெர்சித் தமிழர்கள்தான் மூன்று பேர் சேர்ந்தால் நாலு சங்கம் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. முதலில் ஒரு பாட்டு, பிறகு அறிவிப்பு: நாளை தண்ணீர் வராது, கோழிக்குஞ்சு விற்பனைக்கு வந்திருக்கிறது, இன்னார் காலமானார். அறிவிக்கும் குரல் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியுடையது. முனிசிபல் ஊழியரான அவர், இளம் வயதில் சில வருடம் நம் நியூஜெர்சியின் பசேக்கில் வேலை பார்த்தவர் என்பதால் ஆங்கிலம் ஓடும். ரயில்வேயில் ரிட்டயரான அவருடைய கணவர், நான் வேலைக்குக் கிளம்பியதும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சீட்டாடுவார். இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது, ஆனால் சண்டை மட்டும் தினமும் நடக்கும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு மதியம், அந்த அங்கிள் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது அப்பா இல்லை. கோட்டு மாட்டிய இடத்திலேயே தொங்கியது. போன் வந்ததும் நான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பனி தூற ஆரம்பித்திருந்தது. ஆள் கிடைத்தால் போதும், வேலையை விட்டுவிடுகிறேன் என்று பிள்ளையாரிடம் பேரம் பேசிக்கொண்டே ஓடினேன்.

ரொட்டிக் கடைக்காரம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போனில் அப்பாவின் படத்தைக் காட்டி, தெரிந்த நாலு வார்த்தையில் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நோ, நோ" என்றார். அப்பா இந்த வழியே வரவில்லை என்று நினைத்து, கடையைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகாமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினேன்.

அந்த ஊர்ப் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’. தெரிந்த விஷயம்தான், அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. அந்தம்மா வாசலுக்கு வந்து கத்தியும் நான் திரும்பிப் பார்க்கவில்லையாம். இதைவிடக் கூத்து அதற்கு முன்னால் நடந்திருக்கிறது. அப்பா கடை வாசலில் நின்றபோது, உள்ளே வந்து உட்காரும்படி அந்தம்மா சைகை காட்டியிருக்கிறார். அப்பா நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சரி என்றிருக்கிறார். வேண்டாம் என்கிறார் போல என்று நினைத்து அந்தம்மா கதவைச் சாத்திவிட்டார். அப்பா நடையைக் கட்டிவிட்டார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனில் அப்பா இல்லை. முனிசிபல் அலுவலகத்துக்கு மூச்சிரைக்கப் போனேன். ஆன்ட்டி பாட்டுகூடப் போடாமல் நேரடியாக அறிவிப்பைச் சொன்னார். சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார். "அவருக்கு நான் சொல்றது புரியாது. நீ பேசு" என்றார்.

"அப்பா, நான்தான் பேசறேன். எங்க இருக்கீங்களோ அங்கயே நில்லுங்கப்பா. நகராதீங்க, நான் வந்துட்டே இருக்கேன். நில்லுங்கப்பா, நில்லுங்கப்பா." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அதையும் ஊர் முழுக்கக் கேட்டது.

ஆற்றுப் பாலத்துக்கு முந்தின கம்பத்தடியில் அப்பா நின்றிருந்தார். அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்து, "நின்னுட்டுதானேம்மா இருக்கேன், எதுக்கு அழற?" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய கோட்டோ அவர் மேல் இருந்தது. சுற்றிலும் ஒரு கூட்டம். ரொட்டிக் கடைக்காரம்மா அவர் கையை விடாமல் பிடித்திருந்தார்.

அன்றே ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆன்ட்டி, "வசந்தம் வரைக்கும் பொறு" என்றார். பொறுத்தேன். அதற்குள் அந்தச் சொல் ஊருக்குப் பழகிவிட்டது. மாலையில் அப்பாவும் நானும் நடக்கப் போனால் தபால்காரர், கடைக்காரம்மா, சைக்கிளில் போகிற பிள்ளைகள் என்று எல்லாரும் ‘நில்லுங்கப்பா’ என்பார்கள். அப்பா சட்டென்று நிற்பார். அவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். விளையாட்டு என்று நினைத்தேன். அது ஒரே சொல் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். நானும் பிரித்துச் சொல்லவில்லை. ஊரே என் அப்பாவை அப்பா என்று கூப்பிடும்போது நான் ஏன் இலக்கணம் பேச வேண்டும்? வசந்தம் வந்தது, அடுத்த வசந்தமும் வந்தது. அப்பா அதன் பிறகு தொலையவே இல்லை.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் அப்பாவைக் காரில் உட்கார்த்தி பெல்ட் போட்டுவிட்டு, ஆன்ட்டியிடம் அதைத்தான் சொன்னேன். "நல்லவேளை, அதுக்கப்புறம் அவர் எங்கேயும் போகலை."

ஆன்ட்டி தன் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"போனார். அடிக்கடி போனார்" என்றார் ஆன்ட்டி. "யாராவது பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வாங்க, நிப்பார். நீ வேலையிலேருந்து வரதுக்குள்ள வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டுப் போயிடுவியேன்னு யாரும் சொல்லலை."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்."

காருக்குப் பக்கத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அந்த நிமிடம் வரை, இரண்டு வருடமும் அப்பாவைத் தனியாளாகச் சமாளித்துவிட்டேன் என்று என் கணவரிடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.