நான் சொல்லித்தராத அரைக்குரல்

ஐரோப்பாவின் ஓபரா மேடைகளில் இருபது வருடம் டெனராகப் பாடியவன் நான். டெனர் என்றால் ஆண் குரல்களில் மேலே போகிறவன். மைக் கிடையாது. வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் நிறைந்த அரங்கில் என் உச்ச ஸ்வரம் உடைந்தது. அதன் பிறகு அது திரும்பி வரவே இல்லை. சொந்த ஊரான சேரப்பணஞ்சேரிக்கே வந்து, பக்கத்து ஒரகடத்தில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் குரல் வகுப்பு ஆரம்பித்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் கொரிய மேனேஜர்களின் பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஸ்வரமே நிற்காது. அதனாலேயே அவர்களை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவன் வந்தான். வல்லம் வடகாலில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், முப்பது வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவன். ஸ்வரங்களை ஏற்றிக்கொண்டே போகச் சொன்னேன். நான் தொலைத்த இடத்தை, மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகத் தொட்டான்.

"இன்னும் மேல போவணுமா சார்?" என்று வேறு கேட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. "கழுத்தத் தூக்காத" என்றேன். அவன் கழுத்தைத் தூக்கவே இல்லை.

இரண்டு வருடம் மூச்சு, உச்சரிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொல்லித்தந்தேன். ஒரு நல்ல நாளில், என்னோடு முன்பு பாடி இப்போது ஜெர்மனியில் இசைக் கல்லூரி ஆசிரியையாக இருப்பவளுக்கு அவனைப் பற்றி எழுதியும்விட்டேன். சென்னைக்கு வரும்போது கேட்கிறேன், பிடித்தால் படிக்க இடம் தருகிறேன் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அவன் அழுதான். அந்த நிமிடத்திலிருந்து அவன் போகக் கூடாது என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒத்திகையில் எந்த டெனரும் முழுக்குரலில் பாட மாட்டான். உச்ச ஸ்வரங்களை மெல்லத் தொட்டுவிட்டு, முழுக்குரலை மேடைக்கு என்று வைத்துக்கொள்வான். இந்த அரைக்குரல்தான் எனக்கு ஐரோப்பாவில் முதல் வாரத்தில் சொல்லித்தந்த பாடம். அவனுக்கு நான் அதைச் சொல்லவில்லை. ஷிப்ட் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திவிட்டு நேராக என்னிடம் வருவான். முழுக்குரலில் மறுபடி மறுபடி பாட வைத்தேன்.

அவள் சென்னைக்கு வருவதற்கு முந்தின வாரம் அவனே கேட்டான். "டெய்லி ஃபுல்லா பாடிகினே இருந்தா தொண்ட தாங்குமா சார்?"

"தாங்காத தொண்ட மேடைக்கு எதுக்கு?" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி பாடினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையில் ஒரு சர்ச் ஹாலில் அவள் முன்னால் அவன் பாடினான். உச்ச ஸ்வரம் பாதியில் உடைந்தது. மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். மறுபடியும் உடைந்தது. அவள் என் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள்: "அருமையான குரல். ஆனால் களைத்துப் போயிருக்கிறது. அரைக்குரலில் பழகச் சொல்லவில்லையா?"

"நூறு தடவை சொன்னேன். கேட்க மாட்டான்" என்று நானும் ஜெர்மனிலேயே சொன்னேன். ஒன்றும் புரியாமல் அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். சொல்பேச்சுக் கேட்காதவனை எடுத்து என்ன செய்வது என்று அவள் நோட்டை மூடிவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டான், "அந்தம்மா இன்னா சார் சொன்னாங்க?"

"கொரலு பத்தாதாம்."

"உங்க பேரக் கெடுத்துட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

பரவாயில்லை என்றேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது, "அந்த எடத்த மட்டும் ஒருவாட்டி பாத்துக்கறேன் சார்" என்றான். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று மிக மெதுவாகப் பாடினான். உச்ச ஸ்வரம் எந்தச் சிரமமும் இல்லாமல், சுத்தமாக வந்து நின்றது. அவன் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மெதுவா பாடுனா வருது சார். ஏன் சார்?"

"பஸ்ல யார் பாடுனாலும் வரும். சும்மா வா" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.