ஊதா நிறத்துக்கு ஓர் அனுமதி

யுத்தகால விதியின்படி, காவலுக்கு உட்பட்ட இடத்தில் புகைப்படம் எடுக்க அனுமதி கோரும் மனுவுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் தரப்பட வேண்டும். மைசூர் ஏரிக்கரையில் நகருக்குத் தண்ணீர் இறைக்கும் எந்திரக் கொட்டகை ஒன்று இருந்தது. எதிரி விமானம் அதைத் தேடி வரும் என்று யாரோ நம்பினார்கள். நான் கேட்டது கொட்டகையை அல்ல, அதற்குப் பின்னால் நின்ற ஜகரந்தா மரத்தை.

அது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் பூக்கும். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் அதே நாட்களில், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு முழு மரமும் ஊதாவாக நிற்கும். பூசை முடிந்து ஏரிக்கரைக்கு வந்தால் என் மனைவி, "அங்க மூடி வைக்கிறாங்க, இங்க ஆண்டவர் திறந்து விட்டிருக்கார்" என்பாள். நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். ஏரியும் மலையும் எனக்குக் கறுப்பு வெள்ளைதான். "உங்க படத்துல எல்லா நாளும் மழை நாள்தான்" என்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பம்பாயிலிருந்து ஒரு கலர் பிலிம் வரவழைத்தேன்.

அவசரத்துக்குக் காரணம் கண்புரை. நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷமும் மரம் பூக்கும். எனக்குப் பூக்குமா என்பதுதான் சந்தேகம்.

மனு கொடுத்தேன். துறைத் தலைவர் வழியாக வரவில்லை என்று திரும்பி வந்தது. ஓய்வு பெற்றவனுக்குத் துறை ஏது, தலைவர் ஏது? அதே வரியை எழுதி எத்தனையோ மனுக்களைத் திருப்பியவன் நான். ஆகவே குறை சொல்லவும் வழியில்லை. பழைய அலுவலகத்துக்கே போனேன். என்னிடம் வேலை பழகிய குமாஸ்தா எழுந்து நின்றார்.

"ஸ்வல்ப நேரம் உக்காருங்க சார். எதுக்கு அலையறீங்க? மத்தியானம் அந்தக் காவல்காரன் தூங்கிட்டுத்தான் இருப்பான். போய் எடுத்துட்டு வர்றதுதானே?"

"விதி இருக்கே."

"நீங்க இன்னும் ரிட்டயர் ஆகல சார்" என்று சிரித்தார். யாரோ ஒரு தலைவரிடம் கையெழுத்து வாங்கி மேலே அனுப்பியும் வைத்தார்.

காத்திருந்தேன். வீட்டில் பேச ஆளில்லை. ஒரு நாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன்.

"படம் வந்தாலும் அதையும் இதே கண்ணாலதானே பார்க்கணும்?" என்றார்.

"பார்க்கறதுக்கு இல்ல சாமி. இருந்துச்சுங்கறதுக்கு ஒரு ஆதாரம்."

"யாருக்குக் காட்ட?"

நான் ஊதாத் துணி மூடிய சுரூபத்தைப் பார்த்தேன்.

"படைச்சவர் பார்த்தார், நல்லா இருக்குன்னார், அடுத்த வேலைக்குப் போயிட்டார். நகல் எடுத்து வைக்கலையே" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டப் போனார்.

மறுநாளிலிருந்து கேமரா இல்லாமல் ஏரிக்கரைக்குப் போனேன். வெயில் ஏறுமுன் அந்த ஊதாவில் சாம்பல் கலந்திருக்கும். வெயில் பட்டதும் கிளை நுனிகளில் மட்டும் லேசாகச் சிவப்பு ஓடும். இதையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு நன்றி சொன்னேன், சத்தமாகவே. கேட்கப் பக்கத்தில் யாருமில்லை. நாளாக ஆக ஊதாவில் பழுப்பு ஏறுவது போலிருந்தது. வெயிலின் குறை என்று வைத்துக்கொண்டேன்.

தபசின் கடைசியான பெரிய வாரத்தில் மரத்தடியில் பூக்கள் புகையிலைத் தூள் நிறத்தில் கிடந்தன. வாடிவிட்டன, இனி அனுமதி வந்தும் பயனில்லை என்று நினைத்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்த கொள்ளேகால்காரப் பெண்ணிடம், "இதெல்லாம் எப்பம்மா உதிர்ந்தது?" என்றேன்.

"இப்பத்தானுங்க உதுந்துச்சு. ஊதாவா பளபளன்னு கெடக்குதே, தெரியலீங்களா?"

ஒன்றைக் குனிந்து எடுத்து வெயிலில் பிடித்தேன். பழுப்புதான்.

"தெரியுதும்மா" என்றேன்.

பதில் வந்தது. காலை வேளையில், கொட்டகை தெரியாத கோணத்தில், ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. உறையைக் கொண்டுவந்த பியூன் கையெழுத்தும் தேதியும் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்: ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.