மூத்தாருக்குப் போட்ட பூட்டு

நான் கணவருக்கு எழுதுவதெல்லாம் மூத்தாரின் வாயிலிருந்து வருகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கண்டுபிடித்தேன். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். அறந்தாங்கியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கறிக்குழம்பைப் பிசைந்தபடியே, "ஏம்மா, தெனமும் புதுக்கோட்டைக்கு பஸ்ல போயி வேல பாக்குறதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா?" என்றார்.

புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன், கத்தாரில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் கணவரிடம், மெசேஜில். மாமியார் அன்று சாயங்காலமே மூட்டுவலி என்று படுத்தார். வேலை கைநழுவிப் போயிற்று.

என் போனை வாங்கி வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தவர் மூத்தார்தான். அதில் என்னத்தையோ கோத்துவிட்டு, கடையில் உட்கார்ந்து என் மெசேஜை எல்லாம் படிக்கிறார் என்று முடிவு கட்டினேன். கணவரிடம் சொன்னேன். "எங்கண்ணன் அப்புடிப்பட்ட ஆளு இல்ல" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனுஷன் திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கல்யாணத்தோடு பரணில் ஏற்றிய லேப்டாப்பை இறக்கினேன். பிசிஏ படித்தவள் என்று பெயர், பாதி மறந்துபோயிருந்தது. பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் மெசேஜைப் பூட்டுவதற்கென்றே ஒரு லைப்ரரி உண்டு. கஷ்டமான கணக்கை எல்லாம் யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் நம் வரியையும் ஒரு சாவியையும் கொடுத்தால் போதும், தலைகால் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றிக் கொடுத்துவிடும். அந்தச் சாவியும் நாற்பத்து நான்கு எழுத்துள்ள ஒரு வரிதான். அதே சாவி இல்லாமல் திரும்பப் படிக்க முடியாது.

முதல் வேலையாக மூத்தாரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையை எழுதிப் பூட்டினேன். காலையில் பூட்டியது மத்தியானம் திறக்கவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது. ஓட்டும்போதெல்லாம் என் புரோகிராம் புதுசு புதுசாகச் சாவி செய்துகொண்டிருந்தது, பழையதை நான் எங்கும் எடுத்து வைக்கவேயில்லை. சாவி செய்யும் வரியைத் தனியாகப் பிரித்து, ஒரே ஒரு தடவை ஓட்டி, வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். திட்டிய வார்த்தை உள்ளேயே மாட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பூட்டைத் திறக்கும் புரோகிராமைக் கணவரின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். அவரிடமும் அந்தச் சாவி இருக்க வேண்டும். மெசேஜில் அனுப்பினால் மூத்தார் கையில் கொடுத்தது போல. ஆகவே திருவரங்குளத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய், அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். "இதெல்லாம் தேவையா ஒனக்கு?"

"தேவைதாங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

அதன் பிறகு என் கொண்டாட்டத்தைக் கேட்க வேண்டுமா? கீரை வாங்கியதைக்கூடப் பூட்டித்தான் அனுப்பினேன். மூத்தார் கடையில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதாக நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். தைரியம் ஏறியதும், கல்யாணம் ஆன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை ஒருநாள் கொட்டினேன். உங்கள் அண்ணன் சாப்பிடும்போது வருகிற சத்தத்தில் எனக்குக் குமட்டுகிறது, அந்த ஆளுக்குச் சோறு போடுவதே தண்டனை என்று எழுதினேன். பூட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூத்தார் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு சத்தம் இல்லை. ரசத்தைக்கூட உறிஞ்சவில்லை. கை கழுவ எழுந்தவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கிச் சத்தம் ஒண்ணும் கேக்கலையேம்மா?" என்றார்.

கையில் கரண்டியோடு நின்றேன். போனில் எதைக் கோத்திருந்தாலும் அவருக்குத் தெரிவது அந்த எழுத்துக் குவியல் மட்டும்தான். அதைத் திறக்கும் சாவி உலகத்தில் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தி நான்.

அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை மாதம் தப்பான ஆளைக் கருவிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுது முடித்ததும் கோபம் பத்திரமாக இடம் மாறி உட்கார்ந்தது. கணவரிடம் எதுவும் கேட்கவில்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை. கீரை, மழை, மாமியாரின் மூட்டு என்று பழைய சாவியிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதிலாகச் சேர்ந்த டீச்சர் பாதியில் நின்றுவிட்டதால் அதே பள்ளியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா வீட்டுக்கு என்று சொல்லிப் போய் இன்டர்வியூவை முடித்தேன். வேலை கிடைத்தது. வேலைக்குச் சேரும் நாளன்று காலையில் புதுச் சாவி ஒன்று செய்தேன். பள்ளி, சம்பளம், அங்கே பார்த்து வைத்த வாடகை வீடு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் கணவருக்கு எழுதி, அந்தச் சாவியால் பூட்டி அனுப்பினேன். நாளைக்கு யாரும் நான் சொல்லவில்லை என்று பேசக்கூடாது.

பஸ் அறந்தாங்கியைத் தாண்டும்போது போன் வந்தது.

"என்ன அனுப்பிருக்க? தொறக்கவே மாட்டேங்குது. சாவிய மாத்திட்டியா? என்ன எழுதிருக்கன்னாவது சொல்லு."

"உங்க அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்க" என்றேன்.